யார் முன்னால் நடப்பது

பாலிநாரா
4 செப்டம்பர் 1998

அன்புள்ள டோனல்,

இன்று கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது இரண்டே சொல்: "டோனல் வரமாட்டான்." அதை முதலில் எழுதிவிடுகிறேன். நல விசாரிப்பெல்லாம் பிறகு.

பங்குக் கோயில் மண்டபத்தில் விளக்கு நடைக்கான முதல் கூட்டம். நீ ஊரைவிட்டுப் போன மறு வருஷம் தொடங்கியது இது, அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாலோவீன் அன்று இருட்டியதும் ஊரே ஏரிச் சாலை வழியாகக் கல்லறைத் தோட்டம் வரை நடந்து போகும். சாலையின் இரண்டு ஓரமும் ஜாம் பாட்டில்களுக்குள் மெழுகுவர்த்தி. எல்லாம் தன்னார்வலர்கள் செய்கிற வேலை. அதாவது யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது, எல்லாரும் எல்லாருக்கும் போடுவார்கள்.

இதில் ஒரு வழக்கம். அந்த வருஷம் கடைசியாகச் சாவு நடந்த வீட்டுக் கணப்பிலிருந்துதான் முதல் விளக்கை ஏற்ற வேண்டும். அந்த வீட்டு ஆள் அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். அவரை யாரும் முந்தக் கூடாது. கமிட்டித் தலைவர் மாலக்கி கண்டுபிடித்த வழக்கம். வந்து எட்டு வருஷம்தான் ஆகிறது. அவர் பேசுவதைக் கேட்டால் புனித பாட்ரிக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது என்று நினைப்பாய்.

மார்ச்சில் அப்பா போனார். அதற்குப் பிறகு ஊரில் யாரும் சாகவில்லை.

மாலக்கி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பிரீஜ், இந்த வருஷம் உங்க ருவேன் வீடுதானே? யாரு பிடிக்கப் போறீங்க?"

"டோனல் வர்றான்," என்றாள் அம்மா.

"அமெரிக்காவிலேருந்தா?"

"வேற எங்கேருந்து வருவான்? ஒரே பையன். அவன்தானே பிடிக்கணும்?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் என் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று பொருள். மாலக்கி எழுதிக்கொண்டார். ஜாம் பாட்டில் சேகரிக்கிற பொறுப்பும் இதே முறையில்தான் எனக்கு வந்து சேர்ந்தது. வழக்கமாகச் சேகரிக்கிற கன்செப்டாவுக்கு முழங்கால் வலியாம்.

அமெரிக்காவின் புதுச் சட்டத்தின்படி, அங்கே தங்க உன்னைப் போலக் காகிதம் இல்லாதவர்கள் ஒரு தடவை வெளியே வந்தால் பத்து வருஷம் திரும்ப நுழைய முடியாது என்பதை அம்மாவிடம் நான் சொல்லிப் பார்த்தாயிற்று. அவளுக்குக் காகிதம் என்றால் டிராக்டர் லைசென்ஸ் மாதிரி. தபால் நிலையத்தில் கேட்டால் புதுப்பித்துக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீயே நேராகச் சொல்லிவிடு. ஃபோன் கூடத்தில் இருக்கிறது, அவள் என் தோளருகிலேயே நிற்பாள், நான் ஒன்றும் பேச முடியாது. "பார்க்கலாம்மா" என்று மட்டும் சொல்லாதே. உன் வாயிலிருந்து "இல்லை" என்று புறப்படுகிறது. அவள் காதில் "ஆமாம்" என்று போய்ச் சேர்கிறது.

அம்மாவின் இடுப்பு வலி மழைக்கு ஏறுகிறது. இங்கே வேறு பருவம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். எனக்கு நூலகத்தில் வேலை வழக்கம்போல. உன் முதுகு எப்படி?

ரோஷீன்


சிகாகோ
17 செப்டம்பர்

அன்புள்ள ரோஷீன்,

முதுகு பரவாயில்லை. இங்கே இன்னும் புழுக்கம் குறையவில்லை. ஓக் பார்க்கில் ஒரு பெரிய வீட்டுக்குக் கூரை மாற்றுகிறோம். கூரையோரத்து மழைநீர்க் கால்வாய் எல்லாம் செம்பு. படம் எடுத்து அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "கஷ்டம்மா" என்றேன். "கஷ்டம்தான், ஆனா ஷானனுக்கு நேரா விமானம் இருக்காமே, கன்செப்டா சொன்னா" என்றாள். பிறகு பக்கத்து வீட்டு ஃபெஸ்டிக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றாள். பிறகு யார் வீட்டு மாடு சினை என்று சொன்னாள். பிறகு என் ஃபோன் அட்டை தீர்ந்துபோயிற்று. அடுத்த வாரம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். கூட்டத்துக்கெல்லாம் போகாமல் இருந்துவிடேன்.

டோனல்

பி.கு. பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போது அம்மா ஈறில் என்னவோ தடவுவாளே, என்ன அது? வேலையிடத்தில் ஒருத்தன் கேட்கிறான்.


பாலிநாரா
27 செப்டம்பர்

அன்புள்ள டோனல்,

செம்புக் கால்வாய் பற்றித் தெரிந்துகொண்டதில் மகிழ்ச்சி. நீ நலமாக இருப்பதிலும்.

நீ "கஷ்டம்" என்று சொன்னதன் விளைவு: உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. மெத்தையை வெயிலில் போட்டாள், அதாவது வெயிலுக்காக நான்கு நாள் வாசலில் காத்திருந்தாள். நேற்று புது விரிப்பு வாங்கினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன முகத்தைத் தூக்கி வச்சிருக்க, உன் அறைக்கும் அடிச்சுத் தர்றேன்" என்றாள்.

ஃபெஸ்டி விஷயம் இன்னும் மோசம். சளி நிமோனியாவாகி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவர் போய்விட்டால் கடைசிச் சாவு வீடு அவருடையதாகிவிடும், விளக்கு அங்கே போய்விடும். அம்மா தினம் பஸ் ஏறிப்போய் அவருக்குக் கோழி சூப் கொடுத்துவிட்டு வருகிறாள். இருபது வருஷமாக வேலித் தகராறில் பேசாமல் இருந்த மனுஷன். "பிரீஜுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று ஊர் சொல்கிறது. நேற்று அவரிடம் அவள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்: "நவம்பர் வரைக்கும் தாங்கிடுங்க ஃபெஸ்டி. அப்புறம் உங்க இஷ்டம்."

கமிட்டியில் இப்போது பேட்டரி சண்டை. காப்பீட்டுக்காரர்கள் நெருப்பு கூடாது, பேட்டரி மெழுகுவர்த்தி வையுங்கள் என்கிறார்கள். "பேட்டரிக்கு அணையத் தெரியுமாய்யா? அணையத் தெரியாதது என்ன விளக்கு?" என்கிறார் மாலக்கி. இந்த ஒன்றில் மட்டும் நான் அவர் கட்சி. கடைசியில் வழியெங்கும் தண்ணீர் வாளியும் தன்னார்வலர்களுக்கு மஞ்சள் சட்டையும் என்று சமாதானம் ஆயிற்று. என் படுக்கையறை முழுக்க ஜாம் பாட்டில். பாதியில் இன்னும் ஜாம் இருக்கிறது.

பங்கு மடல் அச்சாகிவிட்டது. "டோனல் ருவேன் சிகாகோவிலிருந்து வந்து முதல் விளக்கை ஏந்துவார்" என்று முதல் பக்கத்திலேயே. அச்சில் வந்ததை அழிக்க இந்த ஊரில் ஆள் பிறக்கவில்லை. அடுத்த ஃபோனில் சொல். ஒரு சொல்தான், டோனல்.

அம்மா தடவுவது விஸ்கி. விரல் நுனியில் ஒரு சொட்டு. உன் வேலையிடத்து ஆளிடம் சொல்.

ரோஷீன்


சிகாகோ
7 அக்டோபர்

அன்புள்ள ரோஷீன்,

நீ நலம்தானே? நான் இருக்கிறேன்.

ஒரு விஷயம். அந்தப் பங்கு மடலை மாலக்கி வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புகிறார் என்று நீ சொல்லவில்லை. இங்கே வெஸ்டர்ன் அவென்யூவில் நம் ஊர்க்காரர்கள் கூடுகிற மதுக்கடையில் அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நான் கதவைத் திறந்ததும் கை தட்டினார்கள். "பத்து வருஷம் போனாப் போகுதுன்னு கெளம்பிட்டான்யா, இவன்தான் பிள்ளை" என்று ஒருவர் என் தோளில் அடித்தார். எனக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். சக்கரம் வைத்த பெட்டி. நான் என்ன சொல்ல முடியும்?

அதனால் டிக்கெட் எடுத்துவிட்டேன். அக்டோபர் 29 புறப்படுகிறேன்.

பயப்படாதே, வழி இருக்கிறது. நம் ஊர் ஜார்லத் தனக்கு டொரான்டோவில் ஒரு ஆளைத் தெரியும் என்கிறான். திரும்பும்போது கனடாவில் இறங்கினால் லாரியில் எல்லை தாண்டிவிடலாமாம். போன வருஷம் அந்த ஆள் ஒருத்தனைக் கொண்டுவந்தானாம். அம்மாவிடம் இந்தக் கனடா விஷயம் வேண்டாம்.

முன்னால் நடக்கிறவன் ஏதாவது பேச வேண்டுமா, சும்மா நடந்தால் போதுமா?

டோனல்


பாலிநாரா
14 அக்டோபர்

அன்புள்ள டோனல்,

சும்மா நடந்தால் போதும்.

உன் கடிதத்தை நேற்று நூலகத்தில் புத்தக அடுக்குகளுக்கு நடுவே நின்று மூன்று முறை படித்தேன். அம்மாவுக்கு இல்லை என்று சொல்ல முடியாத நீ, சுவரில் ஒட்டின ஒரு காகிதத் துண்டுக்கும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒரு பெட்டிக்கும் முடியவில்லை. பெட்டிக்குச் சக்கரம் இருந்தால் போக வேண்டுமா? ஜார்லத்தின் ஆள் யார், அவன் பெயர் என்ன, போன வருஷம் வந்தவன் இப்போது எங்கே என்று கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். கேட்பது மரியாதை இல்லை.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு சத்தம். அம்மா "அது என்னடா?" என்றாள். நீ "பூனைம்மா" என்றாய். அன்றிலிருந்து டோனல் பூனை வளர்க்கிறான் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் காதை ரிசீவரின் மறுபக்கம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பூனைக்கு விக்கி விக்கி அழத் தெரியாது.

வேலையிடத்தில் ஒருத்தன் கேட்கிறான் என்றாயே. அந்த ஒருத்தன் யார்?

இதற்கு மட்டும் பதில் எழுது. முதுகைப் பற்றி, வெயிலைப் பற்றி, கால்வாயைப் பற்றி எழுதாதே. விரைவுத் தபாலில் அனுப்பு. நூலக முகவரிக்கு.

நான் நலம். அம்மா நலம். ஃபெஸ்டிகூட நலம், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சூப்பில் உப்புக் குறைவு என்கிறாராம்.

ரோஷீன்


சிகாகோ
20 அக்டோபர்

அன்புள்ள ரோஷீன்,

அவள் பெயர் எல்விரா. அவள் அம்மாவின் அம்மா பெயரை வைத்தோம். பதினோரு மாசம். அவள் அம்மா பெயர் யோலாண்டா. துணி வெளுக்கிற கடையில் மேற்பார்வை செய்கிறாள். மெக்சிகோக்காரி, ஆனால் இங்கேயே பிறந்தவள். இரண்டு வருஷமாகச் சேர்ந்து இருக்கிறோம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். குழந்தை பிறந்த வாரம் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று நீ எழுதினாய். அதற்குப் பதிலாக "எனக்குப் பெண் பிறந்திருக்கிறது" என்று எப்படி எழுதுவது? அப்புறம் அறுவை சிகிச்சை. அப்புறம் அவர் போய்விட்டார். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அம்மா யார் செத்தார்கள், யாருக்கு முடியவில்லை என்று சொல்கிறாள். அதில் எந்த இடத்தில் நுழைப்பது? ஒரு வாரம் தள்ளினால் அடுத்த வாரம் இன்னும் கஷ்டமாகிவிடுகிறது. போன வாரம் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பாவை நீங்கள் புதைத்தபோது நான் ஒரு கூரைமேல் உட்கார்ந்திருந்தேன். இங்கே காலை ஆறு மணி. ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

அதனால்தான் வருகிறேன். சுவரில் ஒட்டினதற்காக மட்டும் இல்லை. ஒரு விளக்கைப் பிடித்து அவர் இருக்கிற இடம்வரை நடக்கக்கூட வரவில்லை என்றால் நான் என்ன மகன்? இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவேன். யோலாண்டா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய அண்ணன் ஒருவன் அப்படி லாரியில் கிளம்பினவன்தானாம். வந்து சேரவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஏழு வருஷமாக மெக்சிகோ பக்கத்து எல்லையில் டிஹுவானாவில் இருக்கிறான்.

அம்மாவிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன். நீ சொல்லாதே.

டோனல்


பாலிநாரா
27 அக்டோபர்

அன்புள்ள டோனல்,

சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன்.

நேற்றைய ஃபோனில் உன் பக்கத்துப் பாதி உனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் நடந்ததை எழுதி வைக்கிறேன். இங்கே எல்லாரும் எல்லாவற்றையும் பாதிதான் கேட்கிறார்கள் என்பது எனக்கு அலுத்துவிட்டது.

வேலையிலிருந்து வந்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கழற்றினால் தேநீர் போடுவேன், தேநீர் போட்டால் பேசமாட்டேன். அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, டோனலுக்கு ஒரு பொண்ணு இருக்கு."

"இருக்கும். அவன் என்ன சாமியாரா?"

"அந்தப் பொண்ணு இல்ல. குழந்தை. பதினோரு மாசம்."

கத்தி நின்றது. "பூனை இல்லையா?"

"பூனை இல்ல."

ஒரு கிழங்கை முழுதாகச் சீவி முடித்தாள். "பேரு என்ன?"

"எல்விரா. அவளோட பாட்டி பேராம், அந்தப் பக்கத்துப் பாட்டி."

"இந்தப் பக்கத்துப் பாட்டி பேரு என்ன கெட்டுப்போச்சு?"

பிறகு பத்து வருஷத்தைச் சொன்னேன். இந்த முறை காகிதம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "வந்தான்னா அந்தக் குழந்தையைத் திரும்பப் பார்க்கிறப்போ அது பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருக்கும். இவன் யாருன்னு கேட்கும்," என்றேன். ஜார்லத், கனடா, லாரி எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஜார்லத்தா? அவன் வீட்டு மாட்டை வேலி தாண்டாம பார்த்துக்கத் தெரியாதவன். அவனா என் பிள்ளையை எல்லை தாண்ட வைக்கப் போறான்?"

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவளாக உனக்கு ஃபோன் செய்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எண் எழுதின காகிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். எண்ணைத் தப்பாக அழுத்தினாள், அதற்கும் என்னைத்தான் திட்டினாள், சரியாகப் படிக்கவில்லையாம்.

நீ எடுத்ததும் அவள் கேட்டது உனக்குத் தெரியும். "குழந்தைக்கு எத்தனை பல்லு?" பிறகு, "நாலா? உனக்கு அந்த வயசுல ஆறு." பிறகு கொஞ்சநேரம் நீ பேசினாய். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "வராதே."

நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அவள், "பார்க்க ஒண்ணுமில்ல. வராதேன்னா வராதே. ஊருக்கு நான் சொல்லிக்கறேன்," என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து மிச்சக் கிழங்கை எல்லாம் சீவினாள். இரண்டு பேருக்கு ஒரு மூட்டை. நான் தடுக்கவில்லை. கடைசிக் கிழங்கில் சொன்னாள்: "அவனை அவர் தலைமாட்டுல ஒரு தடவை நிக்க வச்சிடணும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

இன்று காலை எழுந்ததும் கேட்டாள், யோலாண்டா கோயிலுக்குப் போகிறவளா என்று. போவாள் என்றேன். எனக்குத் தெரியாது. நீ எழுது.

ரோஷீன்


பாலிநாரா
1 நவம்பர்

அன்புள்ள டோனல்,

நீ அங்கேயே இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். 29ஆம் தேதியிலிருந்து உன் வீட்டில் யாரும் ஃபோனை எடுக்கவில்லை. இங்கே ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் நான் ஜன்னலுக்குப் போனேன். அம்மா போகவில்லை. "வரமாட்டான். நான் சொல்லிட்டேன்," என்றாள். அவ்வளவு நிச்சயம் எனக்கு எதிலும் இருந்ததில்லை.

நேற்று ஆறரைக்கு மாலக்கியும் கமிட்டியும் நெருப்பு எடுக்க வந்தார்கள். வாசலில் ஊர் நின்றது. பேய் முகமூடி போட்ட பிள்ளைகள், தள்ளுவண்டிகள், நாய்கள், மஞ்சள் சட்டைகள். மழை இல்லை. அதற்கும் மாலக்கியே காரணம் என்பது போல நின்றார்.

"டோனல் எங்க?"

அம்மா கணப்பிலிருந்து குச்சியில் நெருப்பெடுத்து விளக்கை ஏற்றினாள். கண்ணாடியை மூடினாள். "நான் பிடிக்கிறேன்."

"பிரீஜ், உங்க இடுப்பு..."

"இடுப்பு என்னோடது. நகருங்க."

அம்மா நடக்கிற வேகம் உனக்கு நினைவிருக்காது, நீ போனபோது அவள் ஓடிக்கொண்டிருந்தாள். இப்போது பத்தடிக்கு ஒரு தடவை நிற்பாள். அவளை முந்தக் கூடாது. முந்நூறு பேர் அவள் பின்னால் பத்தடி நடந்தார்கள், நின்றார்கள், பத்தடி நடந்தார்கள். தள்ளுவண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பன்றித் தோட்ட வளைவில் மாலக்கி ஓடிவந்து குனிந்து, "இப்படிப் போனா மெழுகுவர்த்தி தீர்ந்துடும். நான் கொஞ்சதூரம் பிடிச்சுக்கட்டுமா? இல்ல காரை வரச் சொல்லட்டுமா?" என்றார். "உங்க வீட்டுல யாராவது செத்துட்டாங்களா மாலக்கி?" என்றாள். அவர் பின்னால் போய்விட்டார். வழக்கத்தைக் கண்டுபிடித்தவரே வழக்கத்தில் மாட்டிக்கொண்டு நின்றதை அந்த இருட்டிலும் நான் ரசித்தேன்.

மெழுகுவர்த்தி தீர்ந்தது. ஏரியைத் தொடும்போது ஓரத்துப் பாட்டில்கள் எங்கள் இரு பக்கமும் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன. எவ்வளவு நாள் துடைத்த பாட்டில்கள் என்று எனக்கு அழுகை வந்தது, எரிச்சலில். கல்லறைத் தோட்டத்தை அடைந்தபோது எரிந்தது அவள் கையில் இருந்தது ஒன்றுதான். அப்பாவின் கல்லுக்கு முன்னால் விளக்கை வைத்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நீளமாக ஏதோ சொன்னாள்.

மண்டபத்தில் தேநீரும் திராட்சை ரொட்டியும். எல்லாருக்கும் கால் வலி, எல்லாருக்கும் பசி, பிள்ளைகள் அழுகிறார்கள். இந்த நிலையில் கன்செப்டா, முழங்கால் வலியால் காரில் வந்தவள், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பெத்த அப்பனுக்கு ஒரு விளக்குப் பிடிக்கக்கூட வர முடியாத அளவுக்கு அமெரிக்காவுல என்ன கிழிக்கிறான்?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் வர டிக்கெட் எடுத்துட்டான். நான்தான் வராதேன்னு சொன்னேன். அவனுக்கு அங்க ஒரு குழந்தை இருக்கு. கல்யாணம் இன்னும் ஆகல. வந்தா பத்து வருஷம் அதைப் பார்க்க முடியாது. செத்தவருக்கு அவசரம் இல்ல. வேற யாருக்காவது ஏதாவது கேட்கணுமா?"

பங்குத் தந்தை ரொட்டியை வாயருகே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு பின்வரிசையிலிருந்து, போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஃபெஸ்டி, போர்வைக்குள்ளிருந்து கேட்டார்: "பையனா, பொண்ணா?"

மாலக்கி பேனாவை எடுத்தார். "மாலக்கி, இதைப் பங்கு மடல்ல போடக் கூடாது," என்றேன். நான் அந்த மண்டபத்தில் இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை. "சேச்சே, போடுவேனா," என்றார்.

எங்கே இருக்கிறாய்? பேனாவை எடுத்து ஒரு சொல் எழுது.

ரோஷீன்


மில்வாக்கி
12 நவம்பர்

அன்புள்ள ரோஷீன்,

நலம். மூன்று பேரும் நலம். யோலாண்டாவின் அக்கா வீட்டில் இருக்கிறோம். உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் இங்கே அனுப்பிவைத்தார்.

விஷயம் இதுதான். வழியனுப்பு விழா வைத்துவிட்டார்கள். பெட்டியும் கொடுத்துவிட்டார்கள். போகவில்லை என்று எப்படிச் சொல்வது? அதனால் 29ஆம் தேதி பெட்டியை உருட்டிக்கொண்டு எல்லாரும் பார்க்கப் புறப்பட்டு, ரயிலில் இங்கே வந்துவிட்டேன். இரண்டு வாரம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டு வந்தவன் மாதிரி திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். யோலாண்டா ஒரு முழுநாள் சிரித்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அதற்காகவாவது இது நல்லது.

நேற்று ஜார்லத்துக்கு ஃபோன் செய்து, ஊரிலிருந்து பேசுகிறவன் மாதிரி, "ஊர்ல நல்ல மழை" என்றேன். "அப்படியா? இங்க சுவத்துல புதுசா ஒண்ணு ஒட்டியிருக்கு," என்றான். "ருவேன் குடும்பத்துக்குப் பேத்தி. வாழ்த்துகள்" என்று மாலக்கி முதல் பக்கத்தில் போட்டிருக்கிறாராம். அம்மா பேசினதும் முழுசாக இருக்கிறதாம். பெட்டியைத் திருப்பிக் கொண்டுவா, குழந்தையையும் கொண்டுவா என்கிறார்கள்.

விளக்கை வைத்துவிட்டு அம்மா நீளமாகச் சொன்னாள் என்று எழுதியிருந்தாயே. நானும் அன்று இங்கே ஒன்று ஏற்றினேன். எல்விரா ஊதி அணைத்துவிட்டாள். மறுபடி ஏற்றினேன்.

யோலாண்டா கோயிலுக்குப் போகிறவள்தான். என்னைவிட அதிகம்.

டோனல்


பாலிநாரா
20 நவம்பர்

யோலாண்டாவுக்கு,

நான் டோனலுடைய அம்மா. நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் மகன் எதையும் நேராகச் சொல்ல மாட்டான், அது அவன் அப்பா வழி. நீ கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். பல்லுக்கு விஸ்கி தடவலாம், மலிவானது வேண்டாம். குளிருக்குக் காதை மூடிவிடு. கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பங்குத் தந்தை தினமும் கேட்கிறார்.

உங்கள் வீட்டில் ஒரு ஆள் படுக்க இடம் இருக்குமா? நான் தரையிலும் படுப்பேன். எனக்குக் காகிதத்தில் பிரச்சினை இல்லை என்று ரோஷீன் சொல்கிறாள்.

பிரீஜ் ருவேன்


பாலிநாரா
8 மார்ச் 1999

அன்புள்ள டோனல்,

உங்களிடமிருந்து திரும்பி அம்மா நேற்றுக் காலை ஷானனில் இறங்கினாள். பயணத்தில் இடுப்பு வலிக்கவில்லையாம். நீ கொடுத்தனுப்பின பெட்டியும் வந்து சேர்ந்தது, சக்கரம் ஒன்று போயிருக்கிறது. உன் முதுகு கூனியிருக்கிறது, யோலாண்டா நன்றாக இருக்கிறாள், வீட்டில் சூடு அதிகம் என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது குழந்தையைப் பற்றி நான்தான் கேட்டேன்.

மூன்று வாரத்தில் எல்விரா ஒரு தடவைகூட அவளிடம் போகவில்லையாம். தூக்கினால் அழுகிறதாம். கடைசி நாளும் அழுததாம்.

ஈஸ்டருக்கு மறுபடி அங்கே வருகிறாள். இன்று காலை டிக்கெட் எடுத்துவிட்டாள்.

ரோஷீன்